கம்பிகளை மறைக்கும் தேசம்

லண்டனுக்கு வந்த முதல் மாதங்களில் இந்த நகரத்தில் ஏதோ ஒன்று இல்லை என்று எங்களுக்குப் பட்டது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. 1985 இன் கடைசி. குளிர், நாலு மணிக்கே இருட்டு, ஓர் அறையில் ஆறு பேர், விசா அலுவல், வேலை தேடல் என்று ஓடியதில் அதை யோசிக்க நேரமும் இருக்கவில்லை. ஈஸ்ற்ஹாமில் எங்களோடு அறையிலிருந்த ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தார். ஊரில் மின்சார சபையில் லைன்மனாக இருந்தவர். பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. எல்லாருக்கும் அவர் லைன் அண்ணை. இங்கே பெற்றோல் நிலையம் ஒன்றில் இரவு வேலை. ஒருநாள் விடியப்புறம் வேலையால் வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "டேய் தம்பிமார், இந்த ஊரில தெருவில கரண்ட் வயர் இல்லையடா" என்றார்.

வெளியே போய் அண்ணாந்து பார்த்தோம். உண்மைதான். விளக்குக் கம்பங்கள் நின்றன. ஆனால் கம்பத்துக்குக் கம்பம் கம்பி ஓடவில்லை. சில தெருக்களில் ரெலிபோன் வயர் மட்டும் மரக்கம்பத்திலிருந்து வீடுகளுக்குப் பிரிந்து போனது. எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வயர். அதில் காகம் அடிபட்டு விழுந்தால் ஊர்க் காகம் முழுக்கக் கூடி ஒப்பாரி வைக்கும். வயரில் முட்டுகிறதென்று பூவரசங்கிளையை வெட்ட வருகிறவர்களோடு வேலிக்காரர் சண்டைக்கு நிற்பார். இங்கே எல்லாம் காலுக்குக் கீழே. நடைபாதையில் பதித்திருந்த இரும்பு மூடிகளை லைன் அண்ணை குனிந்து வாசித்துக்கொண்டே நடப்பார். தொழில் போன மனுஷன் தொழிலைத் தேடியது அப்படித்தான்.

இந்த ஏற்பாடு பழையது. நூலகத்தில் இலவசமாகச் சூடு கிடைக்கும் என்பதற்காகப் போய்க் குந்தியிருந்த நாட்களில் அதைப் பற்றி வாசித்தோம். 1882 இல் மின்விளக்குச் சட்டம் வந்தது. தெருவைத் தோண்டிக் கேபிள் புதைக்க யாருக்கு உரிமை, யாரிடம் அனுமதி பெறுவது என்பதெல்லாம் அதில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகும் சில காலம் பொண்ட் வீதிப் பக்கத்துச் சித்திரக்கூடம் ஒன்றிலிருந்து கூரைகளுக்கு மேலால் கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள். செபஸ்ரியன் டி பெரான்ரி என்ற இளைஞர் தேம்ஸ் கரையில் டெப்ற்போர்ட்டில் பெரிய மின்நிலையம் கட்டி, 10,000 வோல்ட்டில் நிலத்தடிக் கேபிளாக நகரத்துக்குள் கொண்டுவந்தார். 1891 அளவில் அது ஓடத் தொடங்கிவிட்டது. ஆக நூறு வருஷத்துக்கு மேலாக லண்டன் தன் கம்பிகளை நிலத்துக்குள் வைத்திருக்கிறது.

ஆனால் நகரத்தின் விளிம்பில் கதை வேறு. எட்மன்ரனில் ஒரு களஞ்சியத்தில் எங்களில் மூன்று பேருக்கு வேலை கிடைத்தது. போகிற வழியில் லீ பள்ளத்தாக்கு. ரொற்றன்ஹாம் சதுப்பு நிலத்துக்கு மேலால் வரிசையாகப் பெரிய இரும்புத் தூண்கள் நடந்து போயின. இங்கே அவற்றைப் பைலன் என்கிறார்கள். அது கிரேக்கச் சொல். எகிப்தியக் கோயில்களின் பெரிய வாசற் கட்டடத்துக்குப் பெயர் அது. எங்கள் பத்திரிகைகளிலோ அதே தூணை மின்கோபுரம் என்று எழுதுவார்கள். கோபுரமும் கோயில் வாசல்தான். இரண்டு சனமும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே உவமையைப் பிடித்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது லைன் அண்ணைக்குப் பெரிய சந்தோஷம். "பாத்தியளே, நான் கோபுரத்தில ஏறி வேலை செய்தனான்" என்றார்.

எங்களுக்கு அந்தத் தூண்கள் அசிங்கமாகத் தெரியவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கரண்ட் வந்த நாளை எங்கள் ஊர்களில் பெரியவர்கள் கல்யாண நாளைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். எந்த வருஷம், யார் வீட்டுக்கு முதலில், எந்த வாசிகசாலையில் முதல் ரியூப் லைற் எரிந்தது என்று. லக்சபானவில் விழும் தண்ணீர் யாழ்ப்பாணத்து அறைக்குள் வெளிச்சமாவது கம்பி வழியாகத்தான். 1990 ஆனியில் யுத்தம் மறுபடி தொடங்கியபோது அந்தக் கம்பி அறுந்தது. அதன்பின் வருஷக்கணக்காக யாழ்ப்பாணம் ஜாம் போத்தல் விளக்கில் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது. மண்ணெண்ணெய் என்ன விலை என்று எழுதாமல் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்ததில்லை. அந்தக் கடிதங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எட்மன்ரன் பஸ்சில் போனபோது, வானத்தில் வரிசை குலையாமல் நின்ற அந்த இரும்புகளைப் பார்க்க எங்களுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஆகவே, இந்த நாட்டுக்காரர் இந்தத் தூண்களை வெறுக்கிறார்கள், அவற்றை இறக்கி நிலத்துக்குள் புதைக்கக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அந்த வெறுப்புக்கும் வயது நூறாகப் போகிறது. 1926 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடு முழுவதையும் ஒரே வலையாக இணைக்க முடிவாகி, 1928 இல் முதல் கோபுரம் எடின்பரோவுக்குப் பக்கத்தில் எழும்பியது. வடிவம் நன்றாக இருக்கவேண்டும் என்று சேர் றெஜினால்ட் புளொம்பீல்ட் என்ற கட்டடக் கலைஞரைக் கேட்டுத்தான் தெரிவு செய்தார்கள். அடுத்த வருஷமே சசெக்ஸில், தெற்குக் குன்றுகளில் எதிர்ப்புக் கிளம்பியது. கிப்ளிங், பொருளியலாளர் கெயின்ஸ், பெலொக், கோல்ஸ்வேதி போன்றோர் கையெழுத்திட்டு 'ரைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். விசாரணை நடந்தது. ஹெர்பேர்ட் மொறிசன் என்ற தொழிற்கட்சி அமைச்சர் அனுமதி கொடுத்தார். தூண்கள் எழும்பின. கிராமத்துக் குடிசைக்கும் லைற் வேண்டும் என்று ஒரு பக்கம், குன்றின் வளைவைக் கெடுக்காதே என்று மறுபக்கம். இன்றுவரை வாதம் அங்கேயேதான் நிற்கிறது.

அதன்பின் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1949 இல் தேசியப் பூங்காக்களுக்கும் இயற்கை எழில் மிகுந்த நிலப்பரப்புகளுக்கும் பாதுகாப்புச் சட்டம். 1989 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 37 ஆம் பிரிவின்படி, மேலால் கம்பி இழுப்பதென்றால் அமைச்சரின் சம்மதம் வேண்டும். நிலத்துக்குள் புதைக்கிற கேபிளுக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. பெரும்பாலும் மின்சாரக் கொம்பனிக்குச் சட்டமே முன்கூட்டிக் கொடுத்து வைத்திருக்கிற உரிமையில் தோண்டலாம். சூழல் பாதிப்பு மதிப்பீடு தேவைப்படுகிற அளவுக்குப் பெரிய வேலையென்றால் அந்த உரிமை நின்றுவிடும். தெருவென்றால் வீதி அதிகாரியோடு ஒழுங்கு செய்யவேண்டும். கேபிள் நிலத்தைவிட்டு மேலேறித் தூணோடு சேரும் இரு முனைகளிலும் வேலியடைத்த மின்களம் வேண்டும். அதற்கு உள்ளூர்க் கவுன்சிலின் அனுமதி தேவைப்படும். 2024 தையில் நடைமுறைக்கு வந்த தேசியக் கொள்கை அறிக்கை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. சாதாரண நிலத்தில் புதிய உயர் அழுத்தத் தொடர் என்றால் தூண்தான் முதல் எண்ணம். பாதுகாக்கப்பட்ட எழில் நிலத்தில் என்றால் புதைப்பதுதான் முதல் எண்ணம். நிலம் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது கம்பியின் விதி. சாதி பார்ப்பதுபோல என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் மறுக்கவில்லை.

2023 கோடையில் இரண்டு குடும்பமாக டோர்செற் கடற்கரைக்குப் போனோம். லைன் அண்ணைக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் கடலுக்கு ஓட, அவர் எங்களை டோர்செஸ்ரருக்கு அருகேயுள்ள குன்றுகளுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே 22 தூண்களை நாஷனல் கிறிட் 2022 இல் இறக்கியிருந்தது. 8.8 கிலோமீற்றர் கேபிள் நிலத்துக்குள் போயிருந்தது. நாங்கள் போய் நின்ற இடத்தில் புல், செம்மறியாடுகள், காற்று. வேறொன்றுமில்லை. "நூற்றிமுப்பது மைல் வந்து இல்லாத ஒன்றைப் பாத்திட்டுப் போறம்" என்று அண்ணை சிரித்தார். பிறகு நெடுநேரம் பேசாமல் நின்றார். அந்த மேட்டின் வளைவு வானத்தைத் தொடும் கோடு எங்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதை மறைப்பது பொய்.

பேசத் தொடங்கியதும் அவர் தொழிற்காரராக மாறிவிட்டார். மேலே போகும் கம்பிக்குக் காற்றே காப்பு, காற்றே குளிர்ச்சி. காற்றுக்குக் காசில்லை. நிலத்துக்குள் போனால் செம்பைச் சுற்றிக் கனமான காப்புறை வேண்டும். சூடு வெளியேற இடம் வேண்டுமென்பதால் கேபிள்களை இடைவெளி விட்டுப் படுக்கவைக்க வேண்டும். 4 லட்சம் வோல்ட் தொடருக்கு ஒரு டசின் கேபிள்கூடத் தேவைப்படும். வேலை நடக்கும்போது ஒரு பெருந்தெருவிலும் அகலமாக நிலத்தைத் திறக்கவேண்டும். மேல்மண்ணை ஒரு பக்கம், கீழ்மண்ணை இன்னொரு பக்கம் குவித்து, அதே ஒழுங்கில் திரும்பப் போடவேண்டும். முதலில் தொல்லியலாளர்கள் வந்து தோண்டிப் பார்ப்பார்கள். அறுத்த வேலிச் செடிகளைத் திரும்ப நடவேண்டும். ஆழ வேர்விடும் மரத்தைக் கேபிளுக்கு மேலே நடக்கூடாது. தூணில் பிழை வந்தால் கண்ணுக்குத் தெரியும், அன்றைக்கே ஏறலாம். நிலத்துக்குள் பிழை வந்தால் தேடித் தோண்டி ஒட்ட வாரக்கணக்காகும். பொறியியலாளர் நிறுவனம் 2025 இல் வெளியிட்ட கணக்கின்படி புதைப்பதற்குச் செலவு மேலால் இழுப்பதைப்போலச் சராசரி நாலரை மடங்கு.

அந்தக் காசை யார் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் தேட நாங்கள் தூரம் போகவேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே நிற்கிற தூண்களை எழில் நிலங்களிலிருந்து அகற்ற, மின்சார ஒழுங்காணையமான ஒவ்ஜெம் ஐம்பது கோடி பவுண் வரை அனுமதித்தது. டோர்செற், பீக் மாவட்டம், வேல்ஸில் எரிறி என்று இந்தப் பணத்தில்தான் வேலை நடந்தது. அது அரசாங்கத்தின் திறைசேரியிலிருந்து வருவதில்லை. நாட்டிலுள்ள எல்லாருடைய பில்லிலும் சில்லறையாகச் சேர்க்கப்படுகிறது. எம்மவர்கள் நடத்துகிற மூலைக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இயந்திரம் இருக்கும். கீ மீற்றர் வைத்திருப்பவர்கள் பிளாஸ்ரிக் சாவியைக் கொண்டுவந்து அதில் கரண்ட் ஏற்றுவார்கள். 2022 குளிர்காலத்தில் எங்களில் கடை வைத்திருப்பவர் தினமும் பார்த்தது, மூன்று பவுண், ஐந்து பவுண் என்று சில்லறை எண்ணி ஏற்றிக்கொண்டு போன கிழவிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும். எட்டாம் மாடி ஃபிளாற்றில் குளிருக்குப் போர்வையோடு இருப்பவளும் டோர்செற் குன்றின் அழகுக்குத் தன் பங்கைக் கட்டுகிறாள். ஆளுக்கு வருகிற தொகை சிறிது என்பார்கள். சிறிதுதான். அந்தக் குன்றை அவள் பார்த்திருப்பாளா என்பதுதான் எங்களுக்கு வந்த கேள்வி.

அவள் வாழும் பக்கத்திலும் ஒருமுறை தூண்கள் இறங்கின. ஈஸ்ற்ஹாமிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில், ஸ்ராற்போர்ட்டில். எண்பதுகளில் அந்தப் பக்கம் பழைய ரயரும் இரும்புக் கழிவும் கால்வாய் நாற்றமும். தலைக்குமேல் தூண்கள். யாரும் அதை எழில் நிலம் என்று சொன்னதில்லை. 2005 இல் ஒலிம்பிக் லண்டனுக்குக் கிடைத்தது. ஆறு கிலோமீற்றர் நீளத்தில் இரண்டு சுரங்கங்கள் குடைந்து, 2008 இல் மின்சாரத்தை அதற்குள் மாற்றி, 52 தூண்களைக் கழற்றினார்கள். லைன் அண்ணை ஓய்வு நாட்களில் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். அதே நிலத்தில் 2007 இல், நூறு வருஷமாகச் சனம் கீரையும் கிழங்கும் போட்ட மனோர் கார்டன் தோட்டத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டார்கள். கிளேஸ் லேன் என்ற கூட்டுறவுக் குடியிருப்பில் இருந்த நானூறுக்கு மேற்பட்டோரையும் எழுப்பினார்கள். கம்பியைப் பார்த்துக்கொண்டு அங்கே வாழ்ந்தவர்களில் பலர் கம்பி போன பிறகு அங்கே இல்லை. இப்போது அங்கே கண்ணாடி மாடிகள். எட்மன்ரன் பக்கம் போனால் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே ஒலிம்பிக் நடக்கவில்லை.

இவ்வளவையும் வைத்து, இது பணக்காரருடைய கண்ணுக்காக ஏழை கட்டும் வரி என்று முடித்துவிடலாம் என்றுதான் நாங்கள் நெடுங்காலம் நினைத்திருந்தோம். அந்த முடிவைக் குழப்பியது எங்களுக்குள்ளேயே வந்த ஒரு சண்டை.

எங்களில் ஒருவர் பத்து வருஷத்துக்கு முன் எசெக்ஸில், செம்ஸ்போர்ட்டுக்கு வெளியே வீடு வாங்கிப் போனார். வட கடலின் காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுவர நோர்விச்சிலிருந்து ரில்பரி வரை சுமார் 180 கிலோமீற்றருக்குப் புதிய தொடர் போட நாஷனல் கிறிட் திட்டமிட்டது. கொன்ஸ்ரபிள் ஓவியம் வரைந்த டெடம் பள்ளத்தாக்கில் அது நிலத்துக்குள் போகும். அது 1970 இலிருந்து பாதுகாக்கப்பட்ட எழில் நிலம். அதற்குப் பக்கத்தில் பிராம்போர்ட்டிலிருந்து ருவின்ஸ்ரெட் வரை, 2024 புரட்டாதியில் அனுமதி கிடைத்த இன்னொரு தொடரிலும் அப்படியே. 29 கிலோமீற்றரில் 11 அளவு நிலத்தடி. எங்கள் நண்பர் வீட்டுப் பக்கத்து வயலுக்கு அந்த வகுப்பு இல்லை. அங்கே தூண்தான். அவர் ஆட்சேபக் கடிதம் எழுதிவிட்டார்.

ஒரு பிறந்தநாள் வீட்டில் இது தெரியவந்ததும் லைன் அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு லைற் வேணும். தூண் வேண்டாமோ? இந்த வசதி எல்லாம் எப்ப வந்தது உனக்கு?" என்றார். காற்றாலை வேண்டுமென்றால் கம்பி வேண்டும், எல்லாரும் எழுதினால் எங்கே நடுவது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 2025 இல் அரசாங்கம் புதிய தூணிலிருந்து 500 மீற்றருக்குள் இருப்பவர்களுக்கு வருஷம் 250 பவுண் வரை, பத்து வருஷத்துக்குப் பில்லில் கழிப்பதாக அறிவித்திருந்ததையும் எடுத்து, "காசும் தாறாங்கள்" என்றார்.

நண்பர் மெதுவாகத்தான் பதில் சொன்னார். "அண்ணை, காசுக்கில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைஞ்சு வருஷம். வந்த கடிதமெல்லாம் எனக்கு உத்தரவு போட்ட கடிதம். இன்ன திகதிக்கு வா, இன்ன பேப்பர் கொண்டுவா, உன்ர கதையை நாங்கள் நம்பேல்லை எண்டு. இதுதான் உன்ர அபிப்பிராயம் என்ன எண்டு கேட்டு வந்த கடிதம். ஊரில எங்கட வளவுக்குள்ள காவலரண் போட்டவன் கேட்டவனோ? வீதி அகலிக்க மதிலை இடிச்சவன் கேட்டவனோ? இஞ்ச கேக்கினம். கேட்டால் பதில் சொல்லவேணும் அண்ணை. தூண் வந்தால் வரட்டும்."

அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார். அதற்குப் பிறகு நாங்கள் இந்த விஷயத்தை வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கினோம். டோர்செற் குன்றுக்காரருக்குக் கிடைத்ததும் கிளேஸ் லேன் சனத்துக்குக் கிடைக்காததும் அழகு மட்டுமல்ல. ஒரு இடத்தில் வாழ்கிறவர்களின் சொல்லுக்கு எவ்வளவு எடை போடப்படுகிறது என்பதுதான் அங்கே வித்தியாசம். விளக்குக் கம்பத்தில் கட்டித் தொங்கும் கவுன்சில் அறிவித்தல்களை நாங்கள் முன்பு வாசித்ததில்லை. இப்போது நின்று வாசிக்கிறோம். எழுதி அனுப்பினால் எதுவும் மாறும் என்று நம்பி அல்ல. வாசிக்கிற உரிமை எங்களுக்கும் உண்டு என்பதற்காக.

இதே கேள்வி இப்போது மன்னாரில் நிற்கிறது. தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள் 2020 இல் அங்கே சுழலத் தொடங்கின. அந்த மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிகள் வங்காலைச் சரணாலயப் பக்கத்தால் போகின்றன. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று 2010 இல் பதியப்பட்ட இடம் அது. கடல் கடந்து வரும் நாரைகளுக்கும் பூநாரைகளுக்கும் அந்தக் கம்பி ஆபத்து என்று சூழலியலாளர்கள் எழுதினார்கள். இன்னும் பெரிய திட்டமொன்றோடு வந்த அதானி நிறுவனம் 2025 மாசியில் விலகிக்கொண்டது. வேறு திட்டங்கள் தொடர்ந்தன. அதே வருஷம் ஆவணியில் மன்னார்ச் சனம் வீதியில் இறங்கிவிட்டது. வெள்ளம் வடிய வழியில்லை, மீன்பாடு குறைகிறது, தீவு தாங்காது என்றார்கள்.

காற்றாலையே வேண்டாம் என்று லண்டனில் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் சொல்ல மாட்டோம். ஜாம் போத்தல் விளக்கின் புகையை மறந்தவர்கள்தான் அப்படிச் சொல்லலாம். பெரிய திட்டங்களின் சூழல் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு 30 நாள் வைக்கவேண்டும் என்ற விதி இலங்கைச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் பேசாலையில் வலை பொத்துகிறவருக்கு அந்த அறிக்கை எந்த மொழியில், எந்தக் கந்தோரில், எத்தனை மணிக்குக் கிடைக்கும்? அவர் சொன்னதை எழுதிக்கொண்டவர் யார்? எழுதிக்கொண்டதற்கு ஒரு பதில் வந்ததா?

எசெக்ஸ் நண்பருடைய கடிதத்துக்கு ஒரு இலக்கத்தோடு பதில் வந்திருக்கிறது. அவர் எழுதிய நாலு காரணங்களையும் திருப்பி எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே தங்கள் மறுமொழியைப் போட்டிருக்கிறார்கள். நாலையும் ஏற்கவில்லை. அந்தக் கடிதத்தை அவர் லைன் அண்ணையிடம் கொண்டுவந்து காட்டினார். அண்ணை கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்தார். பிறகு மடித்துக் கொடுத்து, "இதின்ர கொப்பி ஒண்டு எடுத்து வை. மன்னாரில இருக்கிற ஆருக்காவது அனுப்பலாம். எப்பிடிக் கேக்கிறதெண்டு அவையளுக்குத் தெரியும். எப்பிடிப் பதில் வரவேணும் எண்டு காட்ட உதவும்" என்றார்.